‘கிம்’ என்னும் கொரியக் குடும்பப்பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

தென் கொரியாவில் 2015-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ‘கிம்’ என்ற குடும்பப்பெயரைத் தாங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு 21.5 பேர். அடுத்த இரண்டு இடங்களில் உள்ள லீ (14.7 சதவீதம்), பார்க் (8.4 சதவீதம்) ஆகியவற்றையும் சேர்த்தால், மூன்றே பெயர்களுக்குள் மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அடங்கிவிடுகிறார்கள். இத்தனை பேருக்குப் பொதுவான ஒரு பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பூர்விகத்தைத் தேடப் புகுந்தால் ஓர் அடிகூட நகர முடியாது. ஆகவே தேடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எந்த ஊர்க் கிம்?’ என்பதே.

பெயரின் பொருளை அறிவது எளிது. இது 金 என்ற சீன எழுத்தால் எழுதப்படுகிறது. கொரியர்கள் தம் மொழியில் வழங்கும் இத்தகைய எழுத்துகளை ‘ஹான்ஜா’ என்பர். பொன் அல்லது உலோகம் என்பது இதன் பொருள். சாதாரணச் சொல்லாக வரும்போது ‘கும்’ என்றும், குடும்பப்பெயராக வரும்போது ‘கிம்’ என்றும் ஒலிக்கும். பொருள் பொன் என்பதால் முன்னோர் பொற்கொல்லராகவோ செல்வந்தராகவோ இருந்திருப்பர் என்று ஊகிப்பது தவறு. இது தொழிலால் வந்த பெயர் அன்று. மேலை நாடுகளில் இடுபெயராக வழங்கும் ‘கிம்’முக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி ஊருக்கு வருவோம். ஒவ்வொரு கொரியக் குடும்பப்பெயரும் ‘பொன்க்வான்’ எனப்படும் பூர்விக ஊரோடு சேர்ந்தே ஒரு குலத்தைக் குறிக்கிறது. கிம்ஹே ஊர்க் கிம், கியோங்ஜு ஊர்க் கிம், ஆந்தோங் ஊர்க் கிம் என்பவை வெவ்வேறு குலங்கள். இந்த ஊர் இப்போது வசிக்கும் ஊரும் அன்று, பிறந்த ஊரும் அன்று. குலத்தின் முதல் மூதாதையோடு இணைத்துச் சொல்லப்படும் இடம். குடும்பத்தின் பூர்விக ஊரை அறிய, 2008 முதல் வழங்கப்படும் குடும்ப உறவுச் சான்றிதழைப் பார்க்கலாம். அதில் இதற்கெனத் தனி இடம் இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய குடும்பத் தலைவர் பதிவேட்டின் நகலைப் பெற வேண்டும். சான்றிதழ் கிடைக்காதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே பெரும்பாலும் போதும். ஒரே குடும்பப்பெயரும் ஒரே பூர்விக ஊரும் கொண்டவர்கள் மணம் செய்துகொள்வதைக் குடிமைச் சட்டத்தின் 809-ஆம் பிரிவு தடுத்து வந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 1997-இல் அதை ஏற்க மறுத்து, 2005-இல் சட்டமே திருத்தப்படும் வரை, திருமணப் பேச்சைத் தொடங்குமுன் பூர்விக ஊரைச் சொல்லியாக வேண்டிய நிலை இருந்தது. எனவே முந்தைய தலைமுறையினர் அதை மறந்திருக்க வாய்ப்புக் குறைவு.

ஊர் தெரிந்த பிறகு மூதாதையைத் தேடலாம். கிம் குலங்களில் இரண்டு பெரிய ஊற்றுகள் உண்டு. 2015 கணக்கின்படி சுமார் 44.5 லட்சம் பேரைக் கொண்ட கிம்ஹே கிம், கொரியாவின் மிகப் பெரிய ஒற்றைக் குலம். இவர்கள் கயா நாட்டை நிறுவியதாகச் சொல்லப்படும் சுரோ மன்னரைத் தம் முன்னோராகக் கொள்கிறார்கள். கி.பி. 42-இல் வானத்திலிருந்து இறங்கிய பொற்பாத்திரத்தில் ஆறு பொன் முட்டைகள் இருந்தன என்றும், அவற்றுள் ஒன்றிலிருந்து சுரோ பிறந்தார் என்றும் 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த ‘சாம்குக் யூசா’ கூறுகிறது. அவரை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக், ‘ஆயுதா’ என்ற நாட்டிலிருந்து கடல்வழியே வந்த இளவரசி என்பது அதே நூலின் செய்தி. தமிழ் வாசகர்களை இந்தக் கதை ஈர்ப்பது இயல்பே. ஆனால் அந்த நாடு அயோத்தியா, தமிழகமா என்று இன்று நடக்கும் வாதங்கள் ஒலியொற்றுமையைப் பெரிதும் நம்பியவை என்பதால், வம்சாவளி ஆய்வில் அவற்றைச் சான்றாக வைக்கக் கூடாது. இத்தொன்மம் கொரியாவில் விட்டுச் சென்ற தடம்தான் ஆய்வாளருக்குப் பயன்படும்: தாயின் பெயரை ஏற்ற மகன்களின் வழியினராகக் கருதப்படும் கிம்ஹே ஹோ குலத்தாரும் கிம்ஹே கிம் குலத்தாரும், பெயர் வேறாக இருந்தும், மரபாகத் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை.

மற்றோர் ஊற்று சில்லா நாட்டினுடையது. அதன் தலைநகரான கியோங்ஜுவின் காட்டில், மரக்கிளையில் தொங்கிய பொற்பேழைக்குள் கண்டெடுக்கப்பட்ட குழந்தை கிம் அல்ஜி என்பது கதை. அவர் வழிவந்த மிச்சு 3-ஆம் நூற்றாண்டில் அரியணை ஏறினார். 4-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து, கியோங்சுன் மன்னர் 935-இல் கொர்யோ என்ற புதிய அரசிடம் நாட்டை ஒப்படைக்கும் வரை, அரசுரிமை பெரும்பாலும் கிம் குலத்திடமே இருந்தது. கியோங்ஜு கிம் குலத்தில் இன்று ஏறத்தாழ 18 லட்சம் பேர் உள்ளனர். அரச குலத்திலிருந்து பிரிந்து வேறு ஊர்களின் பெயரில் அமைந்த கிளைகளும் பல. 8-ஆம் நூற்றாண்டில் அரியணைப் போட்டியில் தோற்று, கிழக்குக் கடற்கரைக்குச் சென்ற கிம் ஜுவோனின் வழியினர் காங்னுங் கிம் ஆனது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஊரும் பெயரும் ஒன்றாக இருந்தாலே குலமும் ஒன்று என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆந்தோங் கிம் என்ற பெயரில் இரண்டு தனிக் குலங்கள் இருக்கின்றன: ‘பழைய’ ஆந்தோங் கிம், கியோங்சுன் மன்னரின் வழியினர், ‘புதிய’ ஆந்தோங் கிம், 930-இல் நடந்த போரில் கொர்யோவை நிறுவிய வாங் கோனுக்குத் துணைநின்ற கிம் சோன்பியோங்கின் வழியினர். 19-ஆம் நூற்றாண்டில் அரசிகளின் உறவினராக இருந்து ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் இந்தப் புதிய குலத்தார். கிம்ஹே கிம் என்பதிலும் இதுபோல ஒரு தனிக் கிளை உண்டு. 1592-இல் ஜப்பானியப் படையோடு வந்து கொரியர் பக்கம் சேர்ந்த, சயாக்கா என அறியப்படும் வீரருக்கு அன்றைய கொரிய மன்னர் ‘கிம்’ என்ற குடும்பப்பெயரை வழங்கினார். அவருடைய வழியினருக்கும் சுரோ மன்னருக்கும் தொடர்பில்லை. ஆகவே ஊரோடு நில்லாமல், ‘பா’ எனப்படும் உட்பிரிவையும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

உட்பிரிவு தெரிந்துவிட்டால் ‘ஜொக்போ’ என்னும் குலப்பதிவேட்டைத் திறக்கலாம். குலச் சங்கங்கள், சியோலில் உள்ள தேசிய நூலகம், ஃபேமிலிசர்ச் இணையத்தொகுப்பு ஆகியவற்றில் இவை கிடைக்கின்றன. பழைய பதிப்புகளில் பக்கம் கிடைக்கோடுகளால் பிரிக்கப்பட்டு, ஒரு படிக்கு ஒரு தலைமுறையாக, வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். ஒருவரின் பெயர், பிறப்பு இறப்பு, வகித்த பதவி, கல்லறை இருக்கும் இடம், மனைவியின் குடும்பப்பெயரும் பூர்விக ஊரும் தரப்பட்டிருக்கும். மகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மருமகனின் பெயரே இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஒரே தலைமுறையினரின் பெயர்களில் பொதுவாக வரும் எழுத்து, ஏட்டில் இடத்தைக் கண்டறியப் பெரிதும் உதவும். பல குலங்களில் இது மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐம்பொருள் வரிசையில் தலைமுறைதோறும் மாறிவரும். தந்தையின் பெயரில் மரம் சார்ந்த எழுத்து இருந்தால் மகனுடையதில் நெருப்பு சார்ந்தது இருக்கும்.

ஏட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. நீண்ட காலம் அடிமைகளுக்கும் எளிய மக்களில் பலருக்கும் குடும்பப்பெயரே இருக்கவில்லை. ஜோசோன் அரச மரபு ஆண்ட காலத்தின் (1392–1910) பிற்பகுதியில், உயர்குடியினருக்கு இருந்த சலுகைகளைப் பெறுவதற்காக ஏடுகளை விலைக்கு வாங்குவதும், அவற்றில் பெயரைச் செருகுவதும் பரவலாக நடந்தன. 1894-இல் பிறப்பு வழி அந்தஸ்து முறை ஒழிக்கப்பட்டது. 1909-இல் வந்த குடிப் பதிவுச் சட்டத்தால் ஒவ்வொருவரும் குடும்பப்பெயரோடு பதிவுசெய்துகொள்ள நேர்ந்தபோது, பெயரில்லாதிருந்தவர்கள் பெருமை பெற்ற பெயர்களையே பெரிதும் தேர்ந்தார்கள். கிம் பெயரின் இன்றைய பெருக்கத்துக்கு அரச குலத்தின் இனப்பெருக்கத்தைவிட இந்த வரலாறே வலுவான விளக்கம் என்பது என் கருத்து. எனவே 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய தொடர்ச்சியைப் பழைய பதிப்பு ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் உறுதி என்று எழுதக் கூடாது.

பெயரின் பரவலை அறிய 1985, 2000, 2015 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளைப் பார்க்கலாம். இவற்றைத் தென் கொரியப் புள்ளியியல் துறை வெளியிட்டிருக்கிறது. பெண்கள் மணமான பின்னும் தம் குடும்பப்பெயரை மாற்றிக்கொள்வதில்லை என்பதால், இந்த எண்களில் திருமணத்தால் வந்தவர்கள் கலப்பதில்லை.

கொரியாவுக்கு வெளியே குடியேறிய குடும்பமானால் பெயர் வேறு வடிவில் மறைந்திருக்கலாம். 1940-இல் ஜப்பானிய ஆட்சி ஜப்பானிய முறைப் பெயர்களைத் திணித்தபோது, பல கிம் குடும்பங்கள் 金 என்ற எழுத்தை விட்டுவிடாமல் கானெதா, கானெமோத்தோ, கானெயாமா போன்ற பெயர்களை அமைத்துக்கொண்டன. கொரியாவில் 1946-இல் பழைய பெயர்கள் மீட்கப்பட்டாலும், ஜப்பானில் தங்கிவிட்டவர்கள் பலர் ஜப்பானிய முறைப் பெயர்களையே அன்றாட வழக்கில் தொடர்ந்தனர்; ஆகவே ஜப்பானிய ஆவணங்களில் தேடும்போது ஒலியை விட்டுவிட்டு, முதல் எழுத்து 金 தானா என்பதையே பார்க்க வேண்டும்.