செய்யுள் வகுப்பில் படித்த பாட்டைப் பற்றி மனத்தில் பட்டதை எழுதுவது எப்படி

செய்யுள் வகுப்பு முடியும் நேரத்தில் ஆசிரியர், "இந்தப் பாட்டைப் படித்ததும் உங்கள் மனத்தில் பட்டதை ஒன்றரைப் பக்கம் எழுதி வெள்ளிக்கிழமை கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொருள் கேட்டால் எழுதிவிடலாம், அணி கேட்டால் சொல்லிவிடலாம், மனத்தில் பட்டதை எழுது என்றால்தான் பேனா நகராது. இங்கே மலேசியாவில் படிவம் 4-இல், பதினாறு வயதில், நான் முதலில் எழுதிக் கொடுத்த தாளின் ஓரத்தில் டீச்சர் சிவப்பு மையில், "உரை நன்றாக இருக்கிறது. நீ எங்கே?" என்று எழுதியிருந்தார். இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் இருக்கிறேன். கீழ் வகுப்புத் தம்பி தங்கைகள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அடிக்கடி இதையே கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதை விட எனக்குக் கைகொடுத்த வழியை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன். புறநானூற்றில் 112-ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ் வெண் நிலவில்,
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ் வெண் நிலவில்,
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பறம்பு மலையை ஆண்ட பாரியைச் சேர சோழ பாண்டியர் மூவரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள், பாரி இறந்தான், மலை போனது, அவனுடைய மகள்கள் இருவரும் அதற்கு அடுத்த நிலவில் பாடியது இது. போன மாதம் இதே நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது, இந்த மாதம் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு.

முதலில் இதைக் கையால் எழுதுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதாது, தாளில், பேனாவால், இரண்டு முறை. நூலில் சொற்கள் புணர்ந்து கிடக்கும், 'கொண்டார்யா மெந்தையு மிலமே' என்பது போல, அதைப் பிரித்துப் பிரித்து எழுதும்போதுதான் மொத்தம் 26 சொல்தான் இருக்கிறது என்பதும், அதில் திங்களும் நிலவும் எந்தையும் குன்றும் இரண்டிரண்டு முறை வந்துவிடுகின்றன என்பதும் கைக்குத் தெரியும். மாறுவது மிகக் கொஞ்சம். அற்றை என்பது இற்றை ஆகிறது, உடையேம் என்பது இலமே ஆகிறது. ஒரு மாதத்துக்குள் ஒரு குடும்பம் அழிந்ததை இத்தனை சின்ன மாற்றத்தில் அந்தப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் வெட்கமாக இருந்தால் குளியலறையில் படியுங்கள், நான் அப்படித்தான் செய்தேன், சுவர் எதிரொலிப்பதும் நல்லதுக்குத்தான்.

இதற்குப் பிறகு பொருளைச் சரிபாருங்கள், உரையைத் திறப்பதில் தப்பே இல்லை. 'வென்று எறி முரசின் வேந்தர்' என்பதை நான் முதலில் பாராட்டு என்றே நினைத்தேன். உரையில் அது இகழ்ச்சிக் குறிப்பு என்று இருக்கிறது, நேருக்கு நேர் நின்று வெல்லாமல் வஞ்சித்துக் கொண்டவர்கள் வெற்றி முரசு அடிக்கிறார்கள் என்று அந்தப் பெண்கள் குத்திக் காட்டுகிறார்கள். இது தெரியாமல் எழுதியிருந்தால் என் கட்டுரை முழுவதும் தடம் மாறியிருக்கும். ஆனால் பொருள் தெளிந்ததும் உரைநூலை மூடி வையுங்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினால் உரைகாரர் பேசுவார், நீங்கள் பேச மாட்டீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. பாட்டில் உங்கள் மனம் எந்தச் சொல்லில் தட்டுகிறது என்று பாருங்கள். கருத்தைத் தேடாதீர்கள், சொல்லைத் தேடுங்கள். 'நிலையாமை', 'தந்தை பாசம்', 'போரின் கொடுமை' என்று கருத்தைப் பிடித்தால் வகுப்பில் முப்பது பேரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவீர்கள், திருத்துகிறவர் பாவம். சொல் என்றால் ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு முரசு பிடித்தது, இன்னொருத்திக்கு நிலவு. எனக்கு 'எம்'. 'எம் குன்று' என்று இரண்டு தரம் சொல்கிறார்கள், 'எந்தை' என்பதற்குள்ளும் அதே எம் இருக்கிறது. எனக்கு ஏன் அது தட்டியது என்று உடனே தெரியவில்லை, ஒரு நாள் முழுக்க அந்தச் சொல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தட்டிய சொல்லை அடிக்கோடிட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

அடுத்த நாள் அந்தச் சொல்லை உங்கள் வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். இந்த 'எம்' மாதிரி ஒன்றை யார் வாயில் கேட்டிருக்கிறேன், எந்தப் பொருளைப் பார்த்தால் இது நினைவுக்கு வருகிறது என்று கேளுங்கள். எங்கள் ஊர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள். எங்கள் பாட்டி தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தை விற்றதும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை உடைத்துவிட்டார்கள், பாட்டி அப்பாவோடு டவுனில் மூன்றாம் மாடி அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார், வரும்போது அம்மிக்கல்லையும் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மசாலா அதில்தான் அரைப்பார். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் அம்மியை வைத்து, குழவியை இழுக்கும்போது கல்லின் ஓரம் தட்டாமல் கையை மெதுவாக நிறுத்தி நிறுத்தி அரைப்பார். அரைத்துக்கொண்டே, "எங்க தோட்டத்துல இருந்தப்ப" என்று ஆரம்பிப்பார். எங்க தோட்டம்! தோட்டம் எந்தக் காலத்திலும் பாட்டியுடையதாக இருந்ததில்லை, வீடும் இருந்ததில்லை, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அறுபது வருடம் கழித்தும் அவருக்கு அது 'எங்க'. பறம்பு மலையின் 'எம்' எனக்கு ஏன் தட்டியது என்பது அந்தச் சாக்கின் மேல் இருந்த கல்லைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இந்த மாதிரி ஒரு பொருளைப் பிடித்துவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி. அதைக் கிட்டே போய்ப் பார்த்து எழுதுங்கள், என்ன நிறம், யார் தொடுவார்கள், எப்போது சத்தம் வரும். 'என் பாட்டி தோட்ட வாழ்க்கையை மிகவும் நேசித்தார்' என்று ஒரு வரி எழுதுவதை விட மடித்த சாக்கைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள். பெரிய துயரம் ஏதும் வீட்டில் நடந்திருக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். குறுந்தொகை 167-இல் கூடலூர் கிழார், தயிர் பிசைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதைத் துவைக்காமல் உடுத்தியபடியே, தாளிப்புப் புகை கண்ணில் பட, கணவனுக்குப் புளிக்குழம்பு வைத்த ஒரு புதுப்பெண்ணைக் காட்டுவார். 'இனிது' என்று சொல்லி அவன் சாப்பிட்டதும் அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தத் துவைக்காத துணியை எடுத்துக்கொண்டு, ஒட்டுப்பால் (மரத்திலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) நாற்றம் போகாத தன் அம்மாவின் வேலைச் சட்டையைப் பற்றி எழுதினாள். அந்தச் சட்டை வாசலுக்கு வெளியே தனிக் கொடியில் தொங்குமாம், சின்ன வயதில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாளாம். வகுப்பில் அதை வாசித்தபோது யாரும் அசையவில்லை.

சரி, இனி பலர் விட்டுவிடும் ஒன்றைச் சொல்கிறேன். பாட்டும் உங்கள் வாழ்க்கையும் எங்கே பொருந்தவில்லை என்பதையும் எழுதுங்கள். 'பாரி மகளிர் போலவே என் பாட்டியும்' என்று ஒரே கோட்டில் இழுத்துவிட்டால் அது பாரி மகளிருக்கும் உண்மையாக இருக்காது, பாட்டிக்கும் இருக்காது. அவர்கள் மலைக்கு உரிமைக்காரர்கள், பாட்டி கூலிக்காரர். அவர்கள் 'எம்' என்று சொன்னது இருந்ததைப் பற்றி, பாட்டி 'எங்க' என்று சொல்வது உழைத்ததைப் பற்றி. இந்த வித்தியாசத்தை எழுதப் போனபோதுதான் எனக்கு இன்னொரு விஷயமும் வந்து சேர்ந்தது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, எங்கள் ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், பால் வெட்டுகிறவர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கட்டும் என்று. பள்ளியில் இதைப் படித்தபோது தேர்வுக்கான ஒரு ஆண்டாக மட்டும் இருந்தது. புறநானூற்றின் 'எம்' பக்கத்தில் வைத்தபோதுதான், அந்தச் சொல்லை வாயால் சொன்னவர்கள் அதைப் பத்திரத்திலும் எழுதிவிட வேண்டும் என்று பட்ட பாடு அது என்று தெரிந்தது. இப்படி ஊர்ச் செய்தி ஏதாவது தானாக வந்தால் சேருங்கள். வராவிட்டால் இழுத்து வராதீர்கள், வரலாற்றுக் கட்டுரை ஆகிவிடும்.

அகப்பாட்டு, அதாவது காதலைப் பாடும் பாட்டு என்றால் பொருந்தாத இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள் (தெய்வம், மரம் போன்றவை), உரிப்பொருள் (பாட்டின் உணர்வு) அட்டவணையை உங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். நிலம் தோட்டம். பொழுது விடியலுக்கு முன், ஏனென்றால் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். தெய்வம் மாரியம்மனோ முனியாண்டியோ. மரம்? பால்மரம் சங்கப் பாட்டின் ஐந்து நிலப் பிரிவுகளான ஐந்திணையில் எதிலும் இல்லை, அது பிரேசிலிலிருந்து வந்தது, பக்கத்தில் கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்று இன்றும் நிற்கிறது. மழைக்கு வரும்போது நான் நின்றுவிட்டேன். காத்திருத்தலைப் பாடும் முல்லைத் திணைப் பாட்டில் கார்காலம் வந்தால் தலைவன் திரும்பி வருவான், அதனால் தலைவி மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பால்மரக் காட்டில் காலையில் மழை என்றால் பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளம் இல்லை. பாட்டியும் மேகத்தைப் பார்த்தவர்தான், வேறு மனத்தோடு. ஒரு முல்லைப் பாட்டுக்கு மனப்பதிவு எழுத வேண்டும் என்றால் இந்த ஒன்று போதும், ஒன்றரைப் பக்கம் தானாக வரும்.

எழுதும்போது வரிசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் பொருளிலிருந்து தொடங்குவேன், அம்மியிலிருந்து, பிறகு பாட்டு வரும். பாட்டிலிருந்து தொடங்கினாலும் தப்பில்லை, ஆனால் 'சங்க இலக்கியம் தமிழரின் கருவூலம்' என்று தொடங்கும் முதல் பத்தியை எழுதி முடித்ததும் அடித்துவிடுங்கள். அது கை சூடாவதற்காக எழுதியது. அதே மாதிரி 'எனவே நாமும்' என்று தொடங்கும் கடைசிப் பத்தியையும். பாட்டின் வரியை மேற்கோள் காட்டினால் ஒன்றிரண்டு சொல் போதும், முழுப் பாட்டையும் நடுவில் போட்டுப் பக்கத்தை நிரப்பினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அழகான சொல்லுக்காக அகராதியைப் புரட்ட வேண்டாம், வீட்டில் லயம், மங்கு (பால் பிடிக்கும் கோப்பை), ஒட்டுப்பால் என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். டீச்சர் ஒருவேளை கோடு போடலாம், எனக்கு ஒரு முறை போட்டார், ஏன் அந்தச் சொல் வேண்டும் என்று விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்.

கொடுப்பதற்கு முன்னால், கட்டுரையில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். முதலில் அவர் சம்மதம் வேண்டும், வீட்டுக் கதையை வகுப்பில் வாசிக்கப் போகிறீர்கள். அடுத்து, தப்பைத் திருத்துவார். நான் அம்மியைத் தோட்டத்துக் கடையில் வாங்கியது என்று எழுதியிருந்தேன், பாட்டி அது தன் மாமியாருடையது என்றார். மூன்றாவதாக, நீங்கள் நினைக்காததைக் கேட்பார். நான் பாட்டின் பொருளைச் சொல்லி முடித்ததும் பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "அப்பனும் இல்ல, மலையும் இல்ல, அந்தப் புள்ளைங்க பிறகு எங்கதாம்மா போச்சுங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் நூலகத்தில் புறநானூற்றை எடுத்து 200-ஆம் பாட்டிலிருந்து படித்தேன். பாரியின் நண்பர் கபிலர் அந்த இருவரையும் அழைத்துக்கொண்டு போய் விச்சிக்கோ என்ற சிற்றரசனிடம், இவர்களை மணந்து ஏற்றுக்கொள் என்று கேட்கிறார், நடக்கவில்லை, பிறகு இருங்கோவேள் என்ற இன்னொரு சிற்றரசனிடம் கேட்கிறார், அவனும் மறுக்கிறான். அன்றைக்குச் சாயங்காலம் பாட்டியிடம் சொன்னேன். அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "கூட நடக்க ஒரு மனுசனாச்சும் இருந்தாரே" என்றார். கட்டுரையில் அந்த வரிக்கு இடம் இல்லாமல் இருந்தது, முதல் பத்தியை முழுதாக அடித்துவிட்டு இடம் பண்ணினேன்.