"ஹா" சுடுகிறது, "ஃபூ" குளிர்கிறது: வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

மூக்குக்கண்ணாடியைத் துடைக்க "ஹா" என்று ஊதுகிறோம், காபியை ஆற்ற "ஃபூ" என்று ஊதுகிறோம். ஒன்று வெதுவெதுப்பு, மற்றது குளிர்ச்சி. "ரெண்டும் ஒரே மூச்சுதானேப்பா?" என்று மகள் கேட்டாள். அளந்தே பார்த்துவிட்டோம்.

1. மீன் தொட்டிக்கு விற்கும், ஒயர் நுனியில் சென்சார் உள்ள தெர்மாமீட்டர் வாங்குங்கள். நெற்றியில் காட்டும் துப்பாக்கி வகை வேண்டவே வேண்டாம். அதை நம்பி ஒரு மாலை முழுக்க ஊதினேன், எண் அசையவில்லை. அது காற்றை அளக்காது, எதிரே உள்ள சுவரைத்தான் அளக்கும்.

2. மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் அறை 28 டிகிரி.

3. சென்சாரை வாயிலிருந்து 2 செ.மீ. தள்ளிப் பிடித்து, நிதானமாக "ஹா". மூச்சை மூக்கால் இழுங்கள். ஏழெட்டு முறை விட்டபின் 34 காட்டியது. தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

4. சென்சாரைத் துடையுங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். மூச்சின் ஈரம் அதில் படிந்துவிடும். துடைக்காமல் அடுத்த அளவை எடுத்தால், அந்த ஈரம் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்ளும், எண் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் துடைத்து, மறுபடி 28 வரும்வரை காத்திருங்கள்.

5. ஒரு சாண் தள்ளிப் பிடித்து "ஃபூ". எங்களுக்கு 30. அதையே உதட்டருகில் வைத்து ஊதினால் திரும்பவும் 34! ஆக, வாயிலிருந்து வரும் காற்று குளிரவில்லை. குவித்த உதட்டிலிருந்து வேகமாகப் பாயும்போது சுற்றியுள்ள அறைக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. சந்தேகமா? கையைக் குழாய்போல மடக்கி, இடைவெளி இல்லாமல் உதட்டில் பொருத்தி ஊதுங்கள். அறைக்காற்று கலக்க வழியில்லை, மறுமுனையிலும் வெதுவெதுப்புதான்.

ஆனால் எண் மட்டுமே விஷயமில்லை. நம் தோலிலிருந்து எந்நேரமும் ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. மூச்சுக்காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடு வருவதால், அது படும் இடத்தில் ஆவியாதல் தடைபடும். வெறும் 6 டிகிரி வித்தியாசம் அவ்வளவு சூடாகத் தெரிவது அதனாலும்தான்.

பிற்சேர்க்கை: துணி வழியாக ஊதினால் இன்னும் சுடுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். உலர்ந்த பருத்தி ஈரத்தை உறிஞ்சும்போது வெப்பம் வெளிப்படும். சின்ன வயதில் கண்ணில் இடித்துக்கொண்டால் அம்மா முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, ஊதி, ஒத்தடம் கொடுப்பாரே, அந்தச் சூடு இதுதான்.