பேட்டரி கனெக்டரை மாற்றும்போது சொதப்பும் இடங்கள்

ப்ளூடூத் ஸ்பீக்கர், ரிமோட் கார் மாதிரி சின்னக் கருவிகளில் பேட்டரி ஒயரைப் பிடித்து இழுத்து இழுத்தே அந்த இரண்டு பின் வெள்ளை கனெக்டரை உடைத்துவிடுவோம். புதிதாக ஒன்று வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் கருவியை ஆஃப் செய்தாலும் பேட்டரி ஆஃப் ஆகாது, ஒற்றை லித்தியம் செல் என்றால் ஒயர் முனையில் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் கட்டரைக் கையில் எடுத்ததுமே முதல் விபத்து. சிவப்பு, கருப்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டு! கட்டரின் வாய் உலோகம், இரண்டு ஒயரையும் அதுவே ஷார்ட் செய்துவிடும். பேட்டரியில் பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் பொறியோடு போகும், இல்லாவிட்டால் செல் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஒன்றை வெட்டுங்கள், முனையில் டேப் சுற்றுங்கள், அப்புறம் அடுத்தது. பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தால் கனெக்டரை விடுங்கள், பேட்டரியையே மாற்றுங்கள்.

அடுத்தது நிறத்தை நம்புவது. ஜேஎஸ்டி பிஎச் என்று கடையில் சொல்லும் இந்த வகை வெள்ளை கனெக்டரில் எந்தப் பின் பாசிட்டிவ் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது, கடையில் வாங்கியது சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும், செருகிய நொடியில் போர்டு போய்விடும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்து, போர்டில் உள்ள பிளஸ் குறியோடு ஒப்பிடுங்கள். சிவப்பு ப்ரோப் 10 ஆம்பியர் துளையில் இல்லையே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே இருந்தால் மீட்டரே பேட்டரியை ஷார்ட் செய்துவிடும். பின் இடைவெளியும் 1.25, 2, 2.5 மி.மீ. என்று பல அளவில் வரும், பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதே நல்லது.

போர்டில் இருக்கும் சாக்கெட்டே உடைந்திருந்தால் பொறுமை வேண்டும். நெகட்டிவ் பேட் (பின்னை ஈயத்தால் பற்றவைக்கும் சின்னச் செம்புத் தட்டு) பெரும்பாலும் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும், சூட்டை எல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். பாசிட்டிவ் பக்கம் ஈயம் உருகிவிட்டதே என்று சாக்கெட்டை இழுத்தால் மறுபக்கம் பேடும் சேர்ந்து உரிந்து வரும். கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை), கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, 350 டிகிரி அளவில், இரண்டு பக்கமும் இளகிய பிறகு எடுங்கள். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், செம்பை அரித்துவிடும். பேட்டரியைக் கழற்றாமல் சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை ஒயரில் முதலிலேயே மாட்டிவிடுங்கள், பற்றவைத்து முடித்ததும்தான் அது நினைவுக்கு வரும்!

மூன்று ஒயர் உள்ள பேட்டரி என்றால் மூன்றாவது பெரும்பாலும் வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டருக்குப் போகும். அதை வெட்டிவிட்டால் பல கருவிகள் சார்ஜே ஏறாது. சிலர் அதற்குப் பதில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றுகிறார்கள், பேட்டரி கொதித்தாலும் சார்ஜருக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியைச் செருகுமுன் மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து போர்டின் பிளஸ் மைனஸ் பின்களைத் தொடுங்கள். ஒரு கணம் பீப் அடித்து நின்றால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, பயமில்லை. நிற்காமல் அடித்தால் இரண்டு பின்களுக்கும் நடுவே ஈயம் வழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.