555 டைமருக்குக் குறுகிய தூண்டல் கொடுங்கள்

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஃபிளிப்-ஃபிளாப் (துடிப்பு வரும்போது நிலை மாறி, அந்நிலையை நினைவில் வைக்கும் சுற்று) ஒருமுறை மட்டுமே நிலை மாற வேண்டும். ஆனால் பொத்தானின் உலோகத் தொடுமுனைகள் சில மில்லிசெகண்டுகள் அதிர்ந்து பலமுறை தொட்டு விலகுவதால், 4013 போன்ற வேகமான ஃபிளிப்-ஃபிளாப் ஐசி ஒவ்வொரு அதிர்வையும் தனித் துடிப்பாகவே எண்ணிவிடும். இடையில் ஒரு 555 டைமரை மோனோஸ்டேபிளாக (ஒரு தூண்டலுக்கு ஒரே துடிப்பு தரும் சுற்றாக) வைத்து, 47 கிலோ ஓம் மின்தடையையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் பயன்படுத்தினால், 1.1 × ஆர் × சி என்ற கணக்கின்படி சுமார் அரை விநாடி நீளமுள்ள ஒரே துடிப்பு கிடைக்கும்.

பலர் தவறுவது தூண்டலில்தான். டைமரின் தூண்டல் உள்ளீடான 2 ஆம் பின்னின் மின்னழுத்தம் வழங்கு மின்னழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது டைமர் தொடங்குகிறது. அது அரை விநாடிக்கு மேலும் கீழேயே இருந்தால், நேரம் முடிந்த பிறகும் வெளியீடு அணையாது. ஆகவே பொத்தானை நேரடியாக இணைக்காமல், 10 நானோஃபாரட் மின்தேக்கி வழியாக இணைத்து, அதன் இரு முனைகளையும் தனித்தனி 10 கிலோ ஓம் மின்தடைகளால் நேர்மின் வழங்கலுடன் சேர்த்துவிடுங்கள். பொத்தானை விடும்போது 2 ஆம் பின் வழங்கு மின்னழுத்தத்தையும் தாண்டி எழும் என்பதால், அங்கிருந்து நேர்மின் வழங்கலை நோக்கி ஒரு 1என்4148 டயோடு அவசியம், இதை விட்டுவிடாதீர்கள். அரை விநாடிக்கு மேல் பொத்தானை அழுத்திப் பிடித்தால், விடும்போது எழும் அதிர்வு டைமரை மறுபடியும் தூண்டக்கூடும். அத்தகைய பயன்பாட்டுக்கு 47 கிலோ ஓம் மின்தடையின் மதிப்பைக் கூட்டித் துடிப்பை நீட்டுங்கள்.

டைமரின் ரீசெட் உள்ளீடான 4 ஆம் பின்னை நேர்மின் வழங்கலுடனும், 4013 இன் செட், ரீசெட் உள்ளீடுகளைத் தரையுடனும் இணைக்க வேண்டும். அதே 4013 இல் உள்ள, பயன்படாத மற்றொரு ஃபிளிப்-ஃபிளாப்பின் உள்ளீடுகளையும் மிதக்கவிடாமல் தரையுடன் சேர்ப்பது நல்லது.