'கேஷ் இன் ஹேண்ட்' வேலை என்றால் கைமேல் காசு என்று நம்பி விடாதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வரும் தம்பி தங்கச்சிகளுக்கு எழுதுகிறேன். ஈ-விசா (இணையத்தில் இருக்கும் விசா) கணக்கைத் திறந்து பாருங்கள், பேங்க் அக்கவுண்ட், ஜிபி எனப்படும் உள்ளூர் பொது மருத்துவரிடம் பதிவு, எல்லாம் முதல் மாதத்திலேயே முடியட்டும். வேலைக்குத் தேவைப்படும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பருக்கு அரசு இணையதளத்தில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம், எந்த ஏஜென்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். சரி, இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள்.

பகுதி நேர வேலை தேடும்போது 'கேஷ் இன் ஹேண்ட் ஜாப்' என்பது காதில் விழும். ஊரில் 'இன் ஹேண்ட்' என்றால் பிஎஃப் பிடித்தது போக வரும் சம்பளம், இங்கே அதற்கு 'டேக் ஹோம்' என்பார்கள். வேலையின் முன்னால் 'கேஷ் இன் ஹேண்ட்' ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் கணக்கில் காட்டாத வேலை, வரி பிடிக்க மாட்டார்கள், பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) வராது. சம்பளத்தை நோட்டாகக் கொடுப்பது மட்டும் குற்றமில்லை, வரி பிடித்து பேஸ்லிப்போடு கொடுத்தால் தாராளமாக வாங்கலாம்.

என் சித்தப்பா மகன் தங்கச்சிமடத்துப் பிள்ளை. படகு கரைக்கு வந்து மீன் விலைபோனதும் டீசல், ஐஸ் செலவைக் கழித்துப் பங்கைக் கையில் வாங்கிப் பழகிய வீடு. எழுத்து கிடையாது, ஆனால் ஏமாற்றினால் கரையே கேட்கும். அந்த நம்பிக்கையில் லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனான். முதலாளி தமிழர்தான், வாய்க்கு வாய் தம்பி என்பார். ஆரம்பத்தில் கவரில் போட்டு ஒழுங்காகக் கொடுத்தார், அப்புறம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்து, கடைசியில் நீ இங்கே வேலையே பார்க்கவில்லை என்றார். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 21 வயது நிறைந்தவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் மணிக்கு 12.21 பவுண்டு, அவர் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை. அதைக் கேட்டதற்கு விசாவைக் காட்டி மிரட்டினார். பட்டப்படிப்பு மாணவர்கள் டெர்ம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதைத் தாண்டி நிற்கவைத்ததே அவர்தான்! இன்னும் எனக்கு ஆறவில்லை.

சேரும் முன்பே 'பேஸ்லிப் எப்போது வரும்?' என்று கேளுங்கள். 'நீ செல்ஃப் எம்ப்ளாய்டு', அதாவது சுயதொழில் செய்பவன், என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள், மாணவர் விசாவில் அதற்கு அனுமதியே இல்லை. ஷிப்ட் நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள், முதலாளியின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். சம்பளம் மாட்டிக்கொண்டால், வேலைத் தகராறுகளுக்கு வழிகாட்டும் ஏகாஸ் (Acas) அமைப்பில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம், புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு என்பதால் சும்மா காத்திருக்காமல் உடனே பேசுங்கள்.