குரூகர் காட்டு முகாமில் தன்னார்வப் பணி: புறப்படும் முன்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய தனியார் காப்பகங்களில், தன்னார்வலர்களை ஏற்கும் முகாம்கள் பல உள்ளன. தங்குவதற்கும் உணவுக்கும் அவை கட்டணம் வாங்குவது வழக்கம். ஆகவே பணம் கேட்பதாலேயே ஒரு முகாமை ஐயுற வேண்டியதில்லை. ஐயுற வேண்டியது, சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்டும் படத்தைக் காட்டி அழைக்கும் முகாமையே. தாயிடமிருந்து பிரித்து மனிதர் கையில் வளர்க்கப்படும் அக்குட்டிகள் காட்டுக்குத் திரும்புவதில்லை. வளர்ந்தபின் அவற்றுள் பல, பணம் கட்டி வேலிக்குள் வேட்டையாடுவோரிடமோ எலும்பு வணிகத்திலோ போய்ச் சேர்கின்றன. இத்தகைய சிங்க வளர்ப்பை நிறுத்தப்போவதாக அந்நாட்டு அரசே 2021இல் அறிவித்தது. எனவே, விலங்குகளைத் தொட நேருமா, தன்னார்வலர்கள் திரட்டும் தரவை யார் பயன்படுத்துகிறார்கள் என்னும் இரண்டையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை வராவிட்டால் வேறு முகாமைப் பாருங்கள்.

நல்ல முகாமில் வேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவதாகவே இருக்கும். தானியங்கிக் கேமராக்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிப்பது, உடற்புள்ளிகளை ஒப்பிட்டு ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைத் தனித்தனியே அடையாளம் காண்பது, கள்ள வேட்டைக்காரர்கள் வைத்த கம்பிக் கண்ணிகளைத் தேடி அகற்றுவது ஆகியவை அதில் அடங்கும். அயல் செடிகளை வெட்டுவதும் உண்டு. நம் மலைக்காடுகளை அடைத்து நிற்கும் அதே உண்ணிச்செடிதான் அங்கும் தொல்லை தருகிறது.

மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காலமே விலங்குகளைக் காண ஏற்றது. புதர்கள் இலையுதிர்த்து நிற்க, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரும். ஆனால் ஜூன், ஜூலை விடியலில் திறந்த ஜீப்பில் செல்லும்போது குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளிச் சட்டையும் குல்லாயும் கட்டாயம் தேவை. மழைக்காலத்தில் மலேரியா அபாயம் மிகுதி. எந்தக் காலமாயினும் தடுப்பு மருந்து குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். கென்யா அல்லது எத்தியோப்பியா வழியாகச் சென்று, அங்கு 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவை. விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் தன்னார்வப் பணி என்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

காட்டில் நடக்கும்போது வழிகாட்டிக்குப் பின்னால் ஒற்றை வரிசையில், பேசாமல் செல்ல வேண்டும். சிங்கம் எதிர்ப்பட்டால், கால்கள் எவ்வளவு துடித்தாலும், ஓடக் கூடாது. காலணியை நாள்தோறும் காலையில் தட்டிப் பார்த்தே அணியுங்கள், தேள் இருக்கக்கூடும். இரவில் கைவிளக்கின்றிக் கூடாரத்தை விட்டு இறங்காதீர்கள். மாலையில் உடலெங்கும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றாடக் கடமையே.

காண்டாமிருகத்தைப் படமெடுத்தால், அது எடுக்கப்பட்ட இடத்தைப் பதிவுசெய்யும் வசதியைக் கைப்பேசியில் முன்பே அணைத்துவிடுங்கள். படத்தைப் பகிரும்போது காப்பகத்தின் பெயரையும் எழுதாதீர்கள். கொம்புக்காக அலைபவர்களுக்கு அந்தத் தகவலே போதும்.