சுங்கானில் ஈரத்தைச் சுவைக்காதீர்கள்

“நீங்கள் புகையிலையை எரிக்கவில்லை அண்ணே, அவித்துவிட்டீர்கள்.” பினாங்கின் ஜெலுத்தோங்கில் என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து நண்பர் ஒருவர் சொன்னது இது. வர்ஜீனியா, பெரிக் என்ற இருவகைப் புகையிலை கலந்த ஃபிளேக் (அழுத்திச் சீவிய புகையிலை) அது. டப்பாவைத் திறந்த கையோடு சுங்கானில் (புகைக்குழாயில்) அடைத்து, ஏழெட்டுத் தீக்குச்சி கிழித்து, நாக்கு பொத்துப்போன பிறகு, “வெறும் காரம், இனிப்பே இல்லை” என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

பினாங்கில் ஃபிளேக்கைத் தவறாக எடைபோட முதல் காரணம் இந்த ஈரம்தான். இலைகளைக் கட்டியாக அழுத்திச் சீவுவதால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. நம் ஊர்க் காற்றில் வாசல் திண்ணையில் விரித்துவைத்தாலும் அது எளிதில் காய்வதில்லை. ஈர இலையில் தணல் தண்ணீரோடு போராடும். அணையாதிருக்க நாம் வேகமாக இழுப்போம். சூடான நீராவி நாக்கைச் சுடும். வர்ஜீனியாவின் இனிப்பு அந்தச் சூட்டில் காணாமல் போய்விடுகிறது.

ஒரு சீவலை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்து உதிர்த்து, வெள்ளைத்தாளில் பரப்பிக் குளிரூட்டிய அறையில் அரைமணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திப் பாருங்கள். விட்டதும் கட்டியாகவே நின்றால் இன்னும் ஈரம். மெல்ல விரிந்து கொடுத்தால் பதம். பொடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. மடித்து அடைப்பவர்களும் உண்டு. முதன்முறை சுவைக்கும்போது உதிர்ப்பதே நல்லது, சீராக எரியும்.

நாசி கண்டார் (குழம்புச் சோறு) சாப்பிட்ட கையோடு சுவைக்க உட்காராதீர்கள். தே தாரிக் என்ற பால் தேநீரும் வேண்டாம். கெட்டிப்பால் நாக்கில் படிந்துவிடும். வெறும் தண்ணீர் போதும். நேற்று லட்டாக்கியா என்ற புகையூட்டிய இலையைப் புகைத்த சுங்கானையும் தொடாதீர்கள். அந்தப் புகைவாசம் இன்றைய கலவையிலும் ஏறிவிடும்.

பெரிக், அமெரிக்காவின் லூசியானாவில் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்கவைக்கும் இலை. அதன் மிளகுக் காரத்தை மூக்குதான் நன்றாக அறியும். வாயில் நிறுத்திய புகையில் கொஞ்சத்தை மட்டும் மூக்குவழி மெதுவாக விடுங்கள். நெஞ்சுக்குள் இழுக்க வேண்டாம். இழுக்காவிட்டாலும் புகையிலை உடலுக்குக் கேடுதான். அதனால் வாரம் ஒருமுறைக்கு மேல் நான் பற்றவைப்பதில்லை.

டப்பா வாசனையை வைத்தோ ஒரே சுங்கான் புகையை வைத்தோ முடிவு சொல்லிவிடாதீர்கள். மூன்று நான்கு நாள் இடைவெளிவிட்டுப் பாருங்கள். தொடக்கம், நடு, அடி என்று தனித்தனியாக எழுதுங்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு “அடியில் உலர்ந்த அத்திப்பழம்” என்று திருத்தியிருக்கிறேன்.

இன்னொன்று, நாள்பட்ட ஃபிளேக்கில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டதும் பூஞ்சை என்று குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று மின்னினால் படிகம், தாராளமாகப் புகைக்கலாம். பஞ்சுபோல், நூல்நூலாகப் படர்ந்து ஈரத்துணி வாடை அடித்தால் பூஞ்சை. அப்போது டப்பாவோடு எறிந்துவிடுங்கள்.